குழந்தையை முதன்முறை தெரபிக்கு அழைத்துப் போகிறவர்களுக்கு

தெரபிஸ்ட்டைத் தேடுவதற்கு முன் ஒரு சின்ன நோட்டை எடுத்து வையுங்கள். போனில் எழுதினாலும் சரி. இரண்டு வாரத்துக்கு, குழந்தைக்குச் சிரமமாக இருந்த நேரங்களை அதில் குறித்து வாருங்கள். என் மகனுக்கு ஏழு வயதில் நான் எழுதிய ஒரு பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது:

"செவ்வாய், காலை 7.40. ஷூ போடச் சொன்னேன். கத்தினான், தரையில் உருண்டான். 25 நிமிடம். காலுறையைக் கழற்றியதும் அழுகை குறைந்தது. வியாழன், 7.45. அதேதான். வெள்ளி, பள்ளியில் செருப்பு போடலாம் என்றார்கள். சண்டை இல்லை."

அதுவரை, பள்ளிக்குப் போக அடம்பிடிக்கிறான் என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கத்தைப் படித்த தெரபிஸ்ட் முதலில் கேட்டது, "காலுறையின் தையல் விரலில் எங்கே படுகிறது?" என்பதைத்தான். அவனுக்கு ஆட்டிசம் (பிறரோடு பழகுவதும் புலன்கள் உணர்வதும் வேறு மாதிரி இருக்கும் மூளை அமைப்பு) இருப்பது உறுதியாக இன்னும் பல மாதம் ஆனது. ஆனால் காலுறையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட ஆரம்பித்ததும், காலைச் சண்டை அந்த வாரமே பாதியாகக் குறைந்துவிட்டது.

'பிள்ளையைச் சரிபண்ணிக் கொடுங்கள்' என்று கேட்கத்தான் நம்மில் பலர் தெரபிக்குப் போகிறோம். நானும் அப்படித்தான் போனேன். குழந்தையின் துன்பத்தைக் குறைக்கத்தான் தெரபி. அதற்குச் சில சமயம் குழந்தை ஒன்றைக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். பல சமயம் வீடும் வகுப்பறையும் நாமும் மாற வேண்டியிருக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு போனால், கீழே சொல்லியிருக்கும் ஒவ்வொரு படியிலும் எதைக் கேட்பது, எதை மறுப்பது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

நோட்டில் நேரம், இடம், அதற்குச் சற்று முன் நடந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, எது தணித்தது என்று எழுதினால் போதும். 'பிடிவாதம்', 'சோம்பல்' மாதிரியான சொற்களை விட்டுவிட்டு, கண்ணால் பார்த்ததை எழுதுங்கள். தூங்கிய நேரத்தையும் குறியுங்கள். குழந்தை நன்றாக இருந்த நேரங்களையும் விட்டுவிடாதீர்கள். எதனால் அன்று நன்றாக இருந்தது என்பதிலிருந்துதான் பாதி யோசனைகள் கிடைக்கும்.

யாரிடம் போவது

முதலில் குழந்தைநல மருத்துவர். சரியாகக் காது கேட்காத குழந்தையும், இரவில் மூச்சடைத்துத் தூக்கம் கெட்ட குழந்தையும் 'கவனமில்லாத பிள்ளை' என்று பெயர் வாங்குவது உண்டு. நொடிக்கணக்கில் வெறித்துப் பார்த்துவிட்டு மீளும் ஒரு வகை வலிப்பும் பகல் கனவு போலவே தெரியும். இவற்றைப் பார்த்துவிட்டு மேலே போவதுதான் முறை.

அப்புறம், யார் யார் என்ன செய்வார்கள் என்பது. மனநல மருத்துவர் மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர் மதிப்பீடும் செய்வார், பேச்சு வழியிலோ விளையாட்டு வழியிலோ தெரபியும் தருவார். உடை, சத்தம், எழுத்து, அன்றாட வேலைகளில் சிக்கல் இருந்தால் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். பேச்சுக்கும், பேச்சில்லாமலே கருத்தைத் தெரிவிக்கும் வழிகளுக்கும் ஸ்பீச் தெரபிஸ்ட். 'கவுன்சிலர்' என்ற பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பல நாடுகளில் அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். என்ன படித்தார், எங்கே பதிவு செய்திருக்கிறார், குழந்தைகளோடு எத்தனை ஆண்டு வேலை செய்திருக்கிறார் என்று நேராகவே கேளுங்கள். கேட்பதை நல்ல தெரபிஸ்ட் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

ஆட்டிசத்துக்கோ ஏடிஎச்டிக்கோ (கவனம் நிலைக்காமலும் துறுதுறுப்பு அடங்காமலும் இருப்பது) அதை உறுதிசெய்யும் ரத்தப் பரிசோதனை கிடையாது, ஸ்கேனும் கிடையாது. பெற்றோரோடு நீண்ட பேச்சு, குழந்தையைக் கவனிப்பது, பள்ளியின் தகவல் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் முடிவுக்கு வருவார்கள். ஏடிஎச்டி என்று சொல்ல, அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும், வீடு, பள்ளி என்று குறைந்தது இரண்டு இடங்களில் தெரிய வேண்டும். அதனால்தான் ஆசிரியரிடமும் படிவம் கேட்கிறார்கள். மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் அமெரிக்கக் கையேடான டிஎஸ்எம்-5 2013இல் வருவதற்கு முன், ஆட்டிசம் இருந்தால் ஏடிஎச்டியைச் சேர்த்துச் சொல்லக் கூடாது என்று விதி இருந்தது. ஆனால் இரண்டும் ஒரே குழந்தையிடம் இருப்பது மிகச் சாதாரணம். பழைய ரிப்போர்ட் வைத்திருப்பவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

ரிப்போர்ட் வரும்வரை தெரபிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. பயத்துக்கும் அழுகைக்கும் தூக்கமின்மைக்கும் இப்போதே உதவி கேட்கலாம்.

எந்தத் தெரபி எதற்கு

சின்னக் குழந்தைகளிடம் உட்கார்ந்து பேசிப் பயனில்லை. அவர்களுக்கு விளையாட்டுதான் மொழி. ஐந்து வயதுக் குழந்தையின் செஷனில் பொம்மையும் மணலும் வண்ணமும் இருப்பதைப் பார்த்து, 'இதற்கா வந்தோம்' என்று நினைத்துவிடாதீர்கள்.

ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு ஏடிஎச்டி என்றால், மருந்துக்கு முன் பெற்றோருக்கான பயிற்சியைத்தான் அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது. 'பெற்றோருக்குப் பயிற்சி' என்றதும் சிலருக்குச் சுருக்கென்று குத்தும், வளர்க்கத் தெரியவில்லை என்கிறார்களோ என்று. அப்படி இல்லை. வாரத்துக்கு ஒரு மணி நேரம் தெரபிஸ்ட் பார்க்கிறார், மீதி நேரமெல்லாம் குழந்தை நம்மோடு இருக்கிறது. கற்றுக்கொள்ள வசதியான ஆள் நாம்தான்.

அந்தப் பயிற்சிகளில் வருகிற ஒன்றை இன்றைக்கே வீட்டில் செய்து பார்க்கலாம். தினம் ஐந்து நிமிடம், குழந்தை தேர்ந்தெடுக்கிற விளையாட்டு. அந்த ஐந்து நிமிடமும் கட்டளை இல்லை, கேள்வி இல்லை, திருத்தம் இல்லை. "இது என்ன கலர்?" என்று கேட்பதற்குப் பதில், "நீலக் காரை முதலில் வைக்கிறாய்" என்று பார்ப்பதைச் சொல்லுங்கள். கேள்வி கேட்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது முதல் நாளே தெரியும். அன்று குழந்தை எவ்வளவு சேட்டை செய்திருந்தாலும் அந்த ஐந்து நிமிடத்தைப் பறிக்காதீர்கள்.

பதற்றத்துக்கு அதிகம் பயன்படுவது சிபிடி எனப்படும் அறிவாற்றல் நடத்தைத் தெரபி. எண்ணம், உடல், செயல் மூன்றும் ஒன்றையொன்று எப்படித் தூண்டுகின்றன என்று குழந்தைக்குப் புரிய வைத்து, பயத்தைச் சிறுசிறு படிகளாக எதிர்கொள்ள வைப்பது. பெரும்பாலும் 12 முதல் 16 செஷன், ஒவ்வொன்றும் 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம். படிப்படியாக அணுகுவதற்கு நூறாண்டு வயதாகிவிட்டது. முயலைக் கண்டால் அலறும் பீட்டர் என்ற சிறுவனைப் பற்றி மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர் 1924இல் எழுதினார். அவன் பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, கூண்டிலிருந்த முயலைத் தூரத்தில் வைத்து, நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக அருகே கொண்டுவந்தார்கள். கடைசியில் முயல் தன் விரலைக் கடித்து விளையாடும் அளவுக்குப் பழகிவிட்டான்.

இன்றும் அதே ஏணிதான். நாய்க்குப் பயப்படும் குழந்தை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படிக்கும் பத்துக்கு எவ்வளவு பயம் என்று குழந்தையே எண் கொடுக்கும். நாய்ப் படம், 2. சத்தமில்லாத வீடியோ, 3. சத்தத்தோடு, 5. தெருவின் எதிர்ப்பக்கம் கயிற்றில் பிடித்த நாய், 7. ஒரு படியில் நின்று பழகியபின்தான் அடுத்தது. எந்தப் படியில் ஏறுவது என்று குழந்தைக்குத் தெரியாமல் நாம் முடிவு செய்தால் நம்பிக்கை போய்விடும். 'பயம் தெளியட்டும்' என்று நாயின் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

குழந்தை தெரபிக்கு வரவே மாட்டேன் என்றால்? அதற்கும் வழி இருக்கிறது. பதற்றமுள்ள குழந்தைகளின் பெற்றோரை மட்டும் சந்திக்கும் ஸ்பேஸ் என்ற முறையை யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் உருவாக்கினார். 7 முதல் 14 வயதுவரையான 124 குழந்தைகளை வைத்து அவர் குழு செய்த ஆய்வில், குழந்தைக்கே தரப்பட்ட சிபிடிக்கு இது சளைக்கவில்லை. குழந்தை பயப்படும்போது நாம் அதற்குப் பதிலாகப் பேசுகிறோம், திரும்பத் திரும்ப உறுதி சொல்கிறோம், பயந்த இடத்தையே சுற்றிக்கொண்டு போகிறோம். அன்பினால்தான் செய்கிறோம். ஆனால் அது பயத்துக்குத் தீனியாகிவிடுகிறது. அதை ஒவ்வொன்றாகக் குறைப்பதும், "இது உனக்குக் கஷ்டம் என்று எனக்குத் தெரியும், உன்னால் தாங்க முடியும் என்றும் தெரியும்" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்வதும்தான் அந்த முறையின் அடிப்படை.

விபத்து, வன்முறை, பாலியல் துன்புறுத்தல் போன்றவற்றுக்குப் பிறகு வரும் துன்பத்துக்கு, அதற்கென்றே பயிற்சி பெற்றவர் வேண்டும். பொதுவான கவுன்சலிங் போதாது.

மூளை வேறு மாதிரி இயங்கும் குழந்தை என்றால்

ஆட்டிசம், ஏடிஎச்டி, டிஸ்லெக்சியா (படிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம்), டூரெட் (தானாக வரும் அசைவுகளும் ஒலிகளும்) போன்றவை உள்ளவர்களைத்தான் நியூரோடைவர்ஜென்ட் என்கிறார்கள். இந்தக் குழந்தைகளுக்கு வழக்கமான தெரபியை அப்படியே கொடுத்தால் பலிக்காமல் போகலாம். அப்போது 'குழந்தை ஒத்துழைக்கவில்லை' என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு இதில்தான் அதிகக் கோபம்.

"உனக்கு எப்படி இருக்கிறது?" என்ற கேள்வியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டிசம் உள்ள பலருக்குத் தங்கள் உணர்ச்சிக்குப் பெயர் வைப்பது கடினம். பசி, வலி, படபடப்பு போன்ற உடலின் சேதிகள்கூடத் தாமதமாகவோ மங்கலாகவோதான் எட்டும். தெரியவில்லை என்று குழந்தை சொன்னால் அது உண்மையான பதில். எங்கள் தெரபிஸ்ட் அந்தக் கேள்வியைக் கேட்பதையே நிறுத்திவிட்டு, என் மகனுக்குப் பிடித்த ரயிலை எடுத்துக்கொண்டார். பச்சை சிக்னல், மஞ்சள், சிவப்பு. "இப்போது எந்த சிக்னல்?" என்றால் உடனே சொல்வான். மஞ்சளில் வயிறு இறுகுகிறது என்பதை அவனாகவே மூன்றாவது வாரம் கண்டுபிடித்தான். அதன்பிறகு, சிவப்பு விழுவதற்கு முன்பே என் கையைப் பிடித்து "மஞ்சள்" என்று சொல்ல ஆரம்பித்தான்.

இப்படிப்பட்ட மாற்றங்களை நீங்களே கேட்கலாம். பேச்சைவிடப் படமும் எழுத்தும், அன்றைக்கு என்னென்ன நடக்கும் என்ற பட்டியல், நடுவில் இடைவேளை, மங்கலான விளக்கு, நடந்துகொண்டே பேச அனுமதி, வாயால் சொல்வதற்குப் பதில் டைப் செய்ய அனுமதி. பழமொழியும் சிலேடையும் வேண்டாம். குழந்தையின் பிடித்தமான விஷயம் எதுவோ அதைச் செஷனுக்குள் கொண்டுவர வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. பயத்துக்குத்தான் மேலே சொன்ன ஏணி. புலன் வலிக்கு அல்ல. கை உலர்த்தும் இயந்திரத்தின் சத்தம் ஒரு குழந்தைக்கு நிஜமாகவே வலிக்கிறது என்றால், தினம் தினம் கேட்க வைத்தால் பழகிவிடும் என்று நம்பாதீர்கள். அந்தக் குழந்தைக்கு வேண்டியது காதை மூடும் ஹெட்போன். எது பயம், எது வலி என்று பிரித்துப் பார்க்கிற தெரபிஸ்ட் கிடைத்தால் விடாதீர்கள்.

மெல்ட்டவுனும் (தாங்க முடியாமல் உடைந்துபோவது) அடமும் ஒன்றல்ல. ஒன்றை வாங்குவதற்காக அழுகிற குழந்தை, கேட்டது கிடைத்ததும் நிறுத்திவிடும். தாங்கும் எல்லையைத் தாண்டிவிட்ட குழந்தையால் நிறுத்த முடியாது. அப்போது அறிவுரை வேண்டாம், கேள்வி வேண்டாம். சத்தத்தையும் வெளிச்சத்தையும் குறையுங்கள், மற்றவர்களை அப்புறப்படுத்துங்கள், பக்கத்தில் அமைதியாக இருங்கள். கட்டிப்பிடித்தால் சில குழந்தைகளுக்கு நிம்மதி, சிலருக்கு அதுவே வேதனை. எது என்று குழந்தை நன்றாக இருக்கும் வேளையில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தெரபிஸ்ட்டிடம் கேட்க வேண்டியவை

நாங்கள் முதலில் போன இடத்தில், கண்ணைப் பார்த்துப் பேசினால் ஒரு ஸ்டிக்கர் கொடுத்தார்கள். என் மகன் ஸ்டிக்கருக்காகப் பார்த்தான். வீட்டுக்கு வந்ததும் ஒரு மணி நேரம் கட்டிலுக்கடியில் கிடப்பான். முன்னேற்றம் என்று ரிப்போர்ட்டில் எழுதியிருந்தார்கள், நானும் மூன்று மாதம் அதை நம்பினேன். செஷன் முடிந்து வீட்டில் குழந்தை எப்படி இருக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் முன்னேற்றத்தை அளக்க வேண்டும் என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

அதனால் முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். குறிக்கோள்களை யார் முடிவு செய்கிறார்கள், அதில் குழந்தைக்குப் பங்கு உண்டா? குழந்தை முடியாது என்றால் என்ன செய்வீர்கள்? கையை அசைப்பது, உடலை முன்னும் பின்னும் ஆட்டுவது போன்றவற்றை நிறுத்த முயல்வீர்களா? நான் உள்ளே உட்காரலாமா, இல்லையென்றால் ஏன்? எத்தனை செஷன் கழித்து நிலையைச் சேர்ந்து பார்ப்போம்? யாரையும் காயப்படுத்தாத கையசைவை நிறுத்துவதைக் குறிக்கோளாக வைப்பவரை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன். ஆட்டிசம் உள்ளவர்களுக்கு மற்றவர்கள் புரியாதது போலவே மற்றவர்களுக்கும் அவர்கள் புரிவதில்லை, இடைவெளி இரு பக்கமும் இருக்கிறது என்று, தானும் ஆட்டிசம் உள்ளவரான டேமியன் மில்டன் 2012இல் எழுதினார். அந்த இடைவெளியைத் தாண்டும் வேலை முழுவதையும் ஒரு குழந்தையின் தலையில் கட்டுவது நியாயமில்லை.

ஆட்டிசத்தைக் குணப்படுத்துகிறேன் என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். உடலிலிருந்து உலோகம் நீக்குகிறேன் என்று மருந்து ஏற்றுவதும், ப்ளீச் கலந்த திரவம் கொடுப்பதும் உயிருக்கே ஆபத்து.

குழந்தையிடம் என்ன சொல்வது, முதல் நாள் எப்படி

'சும்மா ஒரு ஆன்ட்டி வீட்டுக்குப் போகிறோம்' என்று ஏமாற்றாதீர்கள். "காலையில் உனக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது இல்லையா, அதைக் குறைக்க யோசனை சொல்கிறவர் ஒருவர் இருக்கிறார். ஊசி கிடையாது. பிடிக்காவிட்டால் சொல்லலாம்." இவ்வளவு போதும். முடிந்தால் அறையின் போட்டோவை வாங்கி முந்தின நாளே காட்டிவிடுங்கள்.

முதல் நாள் என் மகன் மேசைக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டான். நான் கூப்பிட வாயெடுத்தேன். தெரபிஸ்ட் கையால் வேண்டாம் என்று காட்டிவிட்டு, தானும் தரையில் படுத்து, ஒரு பெட்டி கார்களை எடுத்து ஒன்றன்பின் ஒன்றாக வரிசை வைக்க ஆரம்பித்தார். எதுவும் பேசவில்லை. இருபது நிமிடம் கழித்து மேசைக்கடியிலிருந்து ஒரு கை வந்து, தப்பான இடத்தில் இருந்த சிவப்புக் காரை எடுத்துச் சரியான இடத்தில் வைத்தது. அன்றைய செஷன் அவ்வளவுதான்.

முதல் இரண்டு மூன்று செஷன் பழகவே போய்விடும். அந்த நேரத்தில் பெரிதாக எதையும் எதிர்பார்க்காதீர்கள். வெளியே வந்ததும் "என்ன பேசினீர்கள்?" என்று விசாரிக்காதீர்கள்.

பதின்ம வயதினருக்கு

இங்கே எல்லாம் ரகசியம் காப்பதில்தான் நிற்கிறது. உயிருக்கு ஆபத்து, யாரோ துன்புறுத்துகிறார்கள் என்பவை தவிர மற்றதைப் பெற்றோரிடம் சொல்லமாட்டேன் என்று தெரபிஸ்ட் மூவரும் இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும். சட்டம் இடத்துக்கு இடம் மாறும், அதையும் அவரிடமே கேளுங்கள். பெண் பிள்ளைகள் வருடக்கணக்கில் தங்கள் ஆட்டிசத்தை மறைத்து, பிறரைப் பார்த்து நடித்து, பதினைந்து வயதில் சோர்ந்து விழுந்தபின்தான் பலருடைய விஷயம் வெளியே வருகிறது. 'நன்றாகத்தானே படித்தாள்' என்பது அதற்குப் பதிலாகாது.

செத்துவிடலாம் போலிருக்கிறது என்று பிள்ளை சொன்னாலோ, தானே ஏற்படுத்திக்கொண்ட காயங்களைப் பார்த்தாலோ, நேராகக் கேளுங்கள்: "தற்கொலை செய்துகொள்ள வேண்டும் என்று தோன்றுகிறதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, கேட்காமல் இருப்பதுதான் பிள்ளையைத் தனியாக விடும். ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள், மாத்திரை, கத்தி, கயிறு, பூச்சிமருந்து எல்லாவற்றையும் எட்டாமல் வையுங்கள், அன்றே மருத்துவமனைக்கோ அவசர உதவி எண்ணுக்கோ போங்கள். அடுத்த செஷன் வரை காத்திருக்க வேண்டாம்.

பலன் இருக்கிறதா

ஆறு எட்டு செஷனில் குழந்தை முழுதாக மாறாது. ஆனால் ஏதோ ஒன்று அசைந்திருக்க வேண்டும்: 25 நிமிட அழுகை 15 ஆகியிருக்கலாம், வாரத்துக்கு ஐந்து நாள் மூன்றாகியிருக்கலாம். உங்கள் நோட்டுதான் இதற்குச் சாட்சி. எதுவுமே அசையவில்லை என்றால் தெரபிஸ்ட்டிடம் சொல்லுங்கள். முறையை மாற்றலாம், ஆளையும் மாற்றலாம்.

ஏடிஎச்டியின் அடிப்படை அறிகுறிகளில் உட்கார்ந்து பேசும் தெரபியைவிட மருந்துக்கே பலன் அதிகம். மருந்து கொடுப்பது தோல்வி அல்ல, கொடுக்காமல் இருப்பது வீரமும் அல்ல. பசி, தூக்கம், எடை, இதயத்துடிப்பை மருத்துவர் கவனித்து வருகிறாரா என்று மட்டும் பாருங்கள்.

உங்களையும் பாருங்கள். ஏடிஎச்டி வருவதில் மரபணுக்களின் பங்கு 70 முதல் 80 சதவீதம் என்று இரட்டையர் ஆய்வுகள் சொல்கின்றன. ஆட்டிசத்திலும் மரபின் பங்கு பெரியது. குழந்தைக்கான கேள்விப் படிவத்தை நிரப்பும்போது, 'இது என் கதையல்லவா' என்று பேனாவைக் கீழே வைத்த பெற்றோர் நிறையப் பேர். உங்களுக்கும் மறதியும் சத்தம் தாங்காமையும் இருந்தால், தெரபிஸ்ட் தரும் வேலைகளை எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள், வாரத்துக்கு ஒன்று மட்டும் கேளுங்கள். நன்றாக நடந்தால் நட்சத்திரம் ஒட்டும் அட்டவணையை மூன்று நாளில் கைவிட்டது உங்கள் குற்றம் அல்ல, அது உங்கள் வீட்டுக்கு ஏற்ற கருவி அல்ல.

முடிக்கும்போதும் திடீரென்று முடிக்காதீர்கள். செஷன்களை இரண்டு வாரத்துக்கு ஒன்று, மாதத்துக்கு ஒன்று என்று தள்ளிக்கொண்டே போகச் சொல்லுங்கள். எந்த அறிகுறி திரும்பி வந்தால் போன் செய்ய வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதி வாங்குங்கள். குழந்தைக்கு இன்னும் எத்தனை முறை வருவோம் என்று முன்பே தெரிய வேண்டும். என் மகனுக்கு ஒரு தாளில் நான்கு ரயில் பெட்டி வரைந்து கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் ஒன்றுக்கு வண்ணம் தீட்டினான். கடைசிப் பெட்டிக்குப் பச்சை.